கல்லூரிப் புத்தகசாலை யாருக்கு?

(கள்ளக்குறிச்சியில் நூல்நிலைய வாரத்தையொட்டிக் கூடிய பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சாரம்)



நவம்பர் மாதம் 14-ந் தேதி முதல் 20-ந் தேதி வரை நூல்நிலைய வாரம் என்பதாக 1968-ம் வருஷம் முதல் இந்நாட்டில் கொண்டாடி வருகிறார்கள். அதையொட்டிக் கல்லூரிப் புத்தகசாலையைப் பற்றிச் சில வார்த்தைகள் பேச வேண்டுமென்று என்னைக் கேட்டுக்கொண்டார்கள். இந்த வாரத்தில் வழக்கமாக நடப்பது என்ன என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. வாசலில் வாழைமரம் கட்டுவதும், குத்துவிளக்கு ஏற்றுவதும், வந்த பெரிய மனிதருக்குப் பொன்னாடை போர்த்துவதும், பிள்ளைகளுக்கு ஒரு கட்டுரைப் போட்டி வைப்பதும், மறுநாள் பீரோவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போவதுமாக அந்த வாரம் தீர்ந்துவிடுகிறது. இதில் புத்தகத்திற்கு நடக்கும் மரியாதைக்குக் குறைவில்லை. புத்தகத்தைப் படித்தவர் எத்தனை பேர் என்று கேட்டால்தான் பதில் சொல்ல ஆள் இருக்காது. ஆகையால் நான் இன்று எடுத்துக்கொண்ட விஷயம் ஒன்றேதான். கல்லூரிப் புத்தகசாலை யாருக்காக இருக்கிறது?

தோழர்களே! படிப்பு என்பது நம்மில் பெரும்பான்மையோருக்கு வேண்டாத சங்கதியென்று விலக்கப்பட்டிருந்த காலம் ஒன்று இருந்தது. வேதத்தைச் சூத்திரன் காதால் கேட்டால் அந்தக் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்ற வேண்டுமென்று கௌதம தர்ம சூத்திரம் என்னும் நூலில் எழுதி வைத்தார்கள். இன்று அப்படி யாரும் எழுத முடியாது. சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்றாகிவிட்டது. ஆனாலும் அன்று சாஸ்திரம் செய்த வேலையை இன்று பூட்டு செய்கிறது. சாஸ்திரம், "நீ படிக்காதே" என்று சொல்லித் துரத்தியது. பூட்டோ ஒன்றும் சொல்லாமலே நம்மைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

இது நம் நாட்டில் மாத்திரம் இருந்த வியாதியென்று நினைக்க வேண்டாம். ஐரோப்பாவிலும் ஒரு காலத்தில் புத்தகங்களை இரும்புச் சங்கிலியால் அலமாரியோடு பிணைத்து வைத்திருந்தார்கள். இங்கிலாந்தில் ஹியர்ஃபோர்டு என்ற ஊரின் தேவாலயத்தில் அப்படிச் சங்கிலி போட்ட புத்தகசாலையை இன்றும் பார்க்கலாம். அச்சு யந்திரம் பெருகிப் புத்தகம் மலிந்த பிறகு அந்தச் சங்கிலிக்கு வேலையில்லாமல் போயிற்று. அங்கே சங்கிலியைக் காட்சிப் பொருளாக்கினார்கள். நம்மவர்களோ புத்தகத்தையே காட்சிப் பொருளாக்கி வைத்திருக்கிறார்கள்.

சரஸ்வதி பூஜை என்கின்ற பண்டிகையைப் பாருங்கள். அன்று புத்தகங்களை அடுக்கிச் சந்தனம், குங்குமம் பூசி, பூப்போட்டுக் கற்பூரம் காட்டுகிறார்கள். அன்று மாத்திரம் புத்தகத்தைத் தொட்டுப் படிக்கக்கூடாது என்பது ஏற்பாடு! கும்பிடப்படுகின்ற பொருள் உபயோகப்படாது என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டுமா? வீட்டில் வருஷத்திற்கு ஒரு நாள் நடக்கும் இந்தக் காரியம் அநேக கல்லூரிப் புத்தகசாலைகளில் வருஷம் 365 நாளும் நடக்கிறது என்பதுதான் என்னுடைய குறை. கற்பூரம் ஒன்றுதான் பாக்கி.

நிற்க, நூல்நிலையம் எப்படி இருக்க வேண்டுமென்று நமது தமிழ்நாட்டிலேயே ஒருவர் சொல்லிப் போயிருக்கிறார். சீர்காழியில் 1892-ல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் என்பவர், கணக்கு வாத்தியாராக இருந்து 1924-ல் சென்னைச் சர்வகலாசாலையின் முதல் நூலகரானார். 1931-ல் நூல்நிலையத்திற்கு 5 விதிகளை வகுத்து ஒரு புத்தகம் வெளியிட்டார். புத்தகம் பாதுகாத்து வைப்பதற்காக ஏற்பட்டதல்ல, உபயோகிப்பதற்காக ஏற்பட்டது என்பது முதல் விதியின் கருத்து. ஒவ்வொரு வாசகனுக்கும் வேண்டிய புத்தகம் கிடைக்க வேண்டும், ஒவ்வொரு புத்தகத்திற்கும் வாசகன் கிடைக்க வேண்டும், வாசகனின் நேரம் வீணாகக்கூடாது, நூல்நிலையம் நாளுக்கு நாள் வளர வேண்டும் என்பன மற்றவைகளின் சாரம். அவர் பார்ப்பனக் குலத்தில் பிறந்தவராயிற்றே என்று சிலர் நினைக்கக்கூடும். சொன்னவர் யாரானாலென்ன? சொன்ன சங்கதி அறிவுக்கு ஒத்திருந்தால் ஏற்க வேண்டியதுதான். உலகமெங்கும் நூலகர் வேலைக்குப் படிக்கிறவர்கள் இன்றும் அந்த 5 விதிகளைப் படித்து வருகிறார்கள். அவைகள் பிறந்த நாட்டில்தான் முதல் விதியே இன்னும் நடைமுறைக்கு வந்த பாடில்லை.

இனி நம்முடைய ஊர்ச் சங்கதிக்கு வருவோம். கள்ளக்குறிச்சி 2019-ம் வருஷம் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி ஜில்லாவாயிற்று. 2022 ஜனவரியில் வைத்தியக் கல்லூரியும் திறந்தார்கள். கலைக் கல்லூரி, பாலிடெக்னிக் என்று படிப்பு ஸ்தாபனங்கள் பெருகியிருக்கின்றன. மேற்கே திரும்பினால் கல்வராயன் மலை நிற்கிறது. அந்த மலையில் வாழும் ஜனங்களை மலையாளிகள் என்கிறோம். கேரள தேசத்தாருக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. இவர்கள் பேசுவது நம்முடைய தமிழே. சாமை, தினை, மரவள்ளி பயிர் செய்து, கடுக்காயும் புளியும் தேனும் சேகரித்துப் பிழைக்கிறவர்கள். வெள்ளைக்காரன் 1947-ல் போய்விட்டான். ஆனால் மூன்று ஜாகீர்தார்களின் கையிலிருந்து அந்த மலை சர்க்காரிடம் வந்து சேர்ந்தது 1976-ல்தான். நாடு சுதந்தரம் பெற்று 29 வருஷம் கழித்து! 2024-ல் சென்னை உயர்நீதிமன்றம் தானாகவே வழக்கெடுத்துக்கொண்டு, அந்த ஜனங்களுக்குப் பாதை எங்கே, ஆஸ்பத்திரி எங்கே, பள்ளிக்கூடம் எங்கே என்று கேட்க வேண்டியிருந்தது. 2011-ம் வருஷ ஜனக்கணக்குப்படி தமிழ்நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் 100-க்கு 80 பேர். பழங்குடி மக்களிலோ 100-க்கு 54 பேர்தான். அவர்களில் பெண்களை மாத்திரம் தனியே எடுத்தால் பாதிக்கும் குறைவு.

இப்படிப்பட்ட ஒரு குடும்பத்திலிருந்து ஒரு பெண் கல்லூரிப் படிப்பை நாடிச் சமவெளிக்கு இறங்கி வருகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் வீட்டில் புத்தகமில்லை. அவளுடைய தகப்பனாரிடமும் பாட்டனாரிடமும் கேட்கலாமென்றால் அவர்களுக்குப் பள்ளிக்கூடமே கிடையாது. பட்டணத்துப் பணக்காரப் பிள்ளைக்கு வீட்டில் புத்தகம் இருக்கும், தனி வாத்தியார் இருப்பார், வக்கீல் சிற்றப்பாவும் டாக்டர் மாமாவும் இருப்பார்கள். அவனுக்குக் கல்லூரிப் புத்தகசாலை பூட்டியிருந்தால் ஒரு நஷ்டமுமில்லை. இந்த மலைப்பெண்ணுக்கோ வக்கீல், டாக்டர், தனி வாத்தியார் எல்லாம் அந்தப் புத்தகசாலை ஒன்றுதான். ஆகவே பூட்டு யாருக்கு விரோதமாகப் போடப்பட்டிருக்கிறது என்பதை நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பெண்ணுக்கு அங்கே என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். மூன்று உதாரணம் சொல்லுகிறேன்.

முதலாவது, சென்னை மியூசியத்தின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன் என்ற வெள்ளைக்காரர், ரங்காச்சாரி என்பவரின் உதவியோடு தென்னிந்திய ஜாதிகளைப் பற்றி 7 பாகங்கள் கொண்ட ஒரு நூலை 1909-ல் வெளியிட்டார். மூக்கின் நீள அகலத்தைக்கூட அளந்து ஜாதி விவரம் எழுதிய மனிதர் அவர். நாலாம் பாகத்தில் இந்த மலையாளிகளைப் பற்றியும் எழுதியிருக்கிறார். அதாவது அந்த ஜனங்கள் யார், எங்கிருந்து வந்தார்கள், எப்படிக் கல்யாணம் செய்கிறார்கள் என்பதை உலகத்திற்குச் சொன்னவர் வேறு ஒருவர். எழுதப்பட்டவர்களில் அதைப் படித்துப் பார்த்து, "இது சரி, இது தப்பு" என்று சொல்ல அன்று ஆள் ஏது? இன்று அந்தப் பெண் அந்தப் பாகத்தை எடுத்துப் பிரித்து, தன் பாட்டியிடம் கேட்டு, தப்பானதைத் தப்பென்று எழுதக்கூடும். இதுவரை மற்றவர்கள் தன்னைப் பற்றி எழுதினதைச் சுமந்தவள், தானே எழுதத் தொடங்குவதைவிடப் பெரிய சுயமரியாதை வேறென்ன இருக்கிறது?

இரண்டாவது, 2006-ம் வருஷத்து வன உரிமைச் சட்டம். 13-12-2005-க்கு முன்பிருந்தே காட்டு நிலத்தில் பயிர் செய்து பிழைத்துவரும் பழங்குடிக் குடும்பத்திற்கு, அவர்கள் அனுபவத்திலுள்ள நிலத்தில், 4 ஹெக்டேர் வரையில் உரிமை உண்டென்று அது சொல்லுகிறது. 4 ஹெக்டேர் என்றால் ஏறக்குறைய 10 ஏக்கர். பட்டா புருஷன் பேரில் மாத்திரமல்ல, பெண்சாதி பேரிலும் சேர்த்தே கொடுக்க வேண்டும். தேன், கடுக்காய் முதலிய சிறு வனப் பொருள்களைச் சேகரித்து விற்கும் உரிமையும் உண்டு. மனுவை முதலில் விசாரிப்பது கிராம சபை. இவ்வளவும் அச்சிலிருக்கிறது. இது தெரியாத குடியானவன், காடு தன்னுடையதல்ல என்று சொல்லுகிற ஒவ்வொருவனுக்கும் பயந்து கைகட்டி நிற்கிறான். தெரிந்தவன் மனு எழுதுகிறான். இந்தச் சட்டப் புத்தகம் தமிழில் ஒரு பிரதி மலைக்கு ஏறிப் போகுமானால், அது நூறு திருவிழாவைவிட அதிகமான காரியம் செய்யும்.

மூன்றாவது உதாரணத்தைச் சொல்ல எனக்குத் துக்கமாகத்தான் இருக்கிறது. 2024 ஜூன் மாதத்தில் இதே ஊரில் கருணாபுரத்திலும் அக்கம்பக்கத்திலும் விஷச் சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் செத்தார்கள். விற்றவன் குற்றமும், பார்த்தும் பாராமலிருந்தவர்கள் குற்றமும் கோர்ட்டு தீர்மானிக்க வேண்டியவை. அதில் நான் நுழையவில்லை. நான் சொல்ல வந்தது வேறு. செத்தவர்களைக் கொன்றது மெத்தனால் என்னும் மர ஆல்கஹால். ருசியாலும் வாசனையாலும் அதைக் குடிக்கிறவன் பிரித்தறிய முடியாது. உள்ளே போனதும் ஈரல் அதை ஃபார்மிக் அமிலமாக, அதாவது எறும்புக்கடியிலிருக்கும் அமிலமாக, மாற்றிவிடுகிறது. அந்த அமிலம் கண் நரம்பைக் கெடுக்கிறது, பிறகு உயிரைக் கொண்டுபோகிறது. விஷம் உடனே தெரியாது. பல மணி நேரம் சென்ற பிறகே வயிற்றுவலியும் வாந்தியும் கண் மங்கலும் வரும். அதற்காகக் காத்திராமல் சீக்கிரமாக ஆஸ்பத்திரிக்குப் போனால் மாற்று மருந்தாலும், ரத்தத்தைச் சுத்தி செய்யும் டயாலிசிஸ் யந்திரத்தாலும் பிழைக்க வைக்க வழியுண்டு. இது பெரிய ரகசியமா? கல்லூரியில் ரசாயனம் படிக்கும் பிள்ளையின் புஸ்தகத்திலேயே மெத்தனால் விஷமென்று அச்சடித்திருக்கிறது. 13 மாதங்களுக்கு முன்னே, 2023 மே மாதத்தில், மரக்காணம் பக்கத்தில் இதே விஷத்தால் ஜனங்கள் செத்த சேதியும் பத்திரிகைகளில் வந்திருந்தது. புத்தகமும் இருந்தது, பத்திரிகையும் இருந்தது, படித்த பிள்ளைகளும் இருந்தார்கள். ஆனால் அந்த அறிவு அலமாரியிலிருந்து இறங்கித் தெருவுக்கு நடந்து வரவில்லை. பிறகு நாம், "விதி முடிந்தது" என்றோம். விதியல்ல தோழர்களே! சாவைப் பற்றி அறிந்தவனும், சாகப்போகிறவனும் ஒரே ஊரிலிருந்துகொண்டு ஒருவரோடொருவர் பேசாமலிருந்ததே அதில் ஒரு காரணம்.

இதைக் கேட்டவுடன் சிலர், "புத்தகசாலை கல்லூரிப் பிள்ளைகளுக்காக வைத்தது, ஊராருக்கு எப்படித் திறந்துவிட முடியும்? கிராமத்தான் புத்தகத்தைக் கிழித்துவிடுவானே!" என்பார்கள். படிக்கப்பட்டுக் கிழிந்த புத்தகம் தன் வேலையைச் செய்து முடித்த புத்தகம். படிக்கப்படாமல் கறையான் தின்ற புத்தகத்திற்கு இவர்கள் என்ன கணக்கு எழுதுகிறார்கள்? மேலும், சர்க்கார் கல்லூரியின் புத்தகம் யார் பணத்தில் வாங்கியது? மரவள்ளி விற்ற குடியானவனும் தீப்பெட்டி வாங்கிய கூலியாளும் கொடுத்த வரியில் வாங்கியது. 1948-ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் செய்தார்கள். அதன்படி சொத்து வரியோடு நூலக வரியும் நாம் கட்டிவருகிறோம். இப்போது அது ரூபாய்க்கு 10 காசு. பணம் கொடுத்தவனே வாசலில் நிற்க வேண்டுமென்பது எந்த ஊர் நியாயம்?

"மலைக்குப் புத்தகம் போவதெப்படி?" என்று கேட்பவர்களுக்கு ஒரு சங்கதி சொல்லுகிறேன். 1931 அக்டோபரில் மன்னார்குடிக்குப் பக்கத்திலுள்ள மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்ற ஓய்வுபெற்ற எஞ்சினீயர் ஒருவர், மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பும் நடமாடும் நூல்நிலையத்தைத் தொடங்கினார். அதற்கு முன்னே 1910-ல் பரோடா சமஸ்தானத்தில் அரசரே முன்னின்று ஊர்தோறும் நூல்நிலையம் ஏற்படுத்தும் வேலையை ஆரம்பித்தார். மாட்டு வண்டி காலத்தில் நடந்த காரியம், கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு பஸ் ஏறிப்போகும் காலத்தில் நடக்காது என்றால் அதற்குப் பாதை காரணமல்ல, மனம்தான் காரணம்.

இக்காலத்தில் வண்டிகூட வேண்டாத புத்தகங்களும் வந்துவிட்டன. 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டத்தார் பழந்தமிழ் நூல்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி உலகத்திற்கு இலவசமாகக் கொடுத்துவருகிறார்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தாரின் மின்னூலகத்திலும் பழைய புத்தகங்களையும் பத்திரிகைகளையும் காசில்லாமல் படிக்கலாம். 2025 ஜனவரி 1-ந் தேதி முதல் மத்திய சர்க்கார், 3 வருஷத்திற்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கி, 30 பதிப்பாளர்களின் ஏறக்குறைய 13,000 ஆராய்ச்சிப் பத்திரிகைகளை சர்க்கார் கல்லூரிகளும் சர்வகலாசாலைகளும் படிக்க ஏற்பாடு செய்திருக்கிறது. அமெரிக்காவிலுள்ள பிள்ளை படிக்கும் பத்திரிகையை நம்மூர்ப் பிள்ளையும் படிக்கலாம். ஆனால் கதவு திறந்திருப்பது தெரியாதவனுக்கு, திறந்த கதவும் சுவர்தான். அநேகமாக எல்லாம் இங்கிலீஷ். அதைத் தமிழில் எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும். கையில் போன் இருப்பதாலேயே ஒருவன் படித்தவனாகிவிடமாட்டான். அதே போனில்தான் ஜோசியமும் வருகிறது.

புத்தகசாலை ஒரு மனிதனை என்ன செய்யும் என்பதற்கு டாக்டர் அம்பேத்கர் ஒருவரே போதும். பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகளோடு சேராமல் தனியே சாக்கில் உட்கார வைக்கப்பட்டவர் அவர். 1913-ல் நியூயார்க்கு நகரத்துக் கொலம்பியா சர்வகலாசாலைக்குப் போனார். அங்குள்ள புத்தகசாலையில் அவரை யாரும் ஜாதி கேட்கவில்லை. பிற்காலத்தில் பம்பாயில் வீடு கட்டியபோது தன் புத்தகங்களுக்கென்றே அதில் இடம் வைத்துக் கட்டினார். தனியே உட்கார வைக்கப்பட்ட பிள்ளை, 1947-ல் இந்த நாட்டின் அரசியல் சட்டத்தை எழுதும் கமிட்டிக்குத் தலைவரானார். கல்வராயன் மலையில் அப்படிப்பட்ட மூளை இல்லை என்று யார் சொல்ல முடியும்? சோதித்துப் பார்த்தவர் யார்?

ஆகவே, நாம் செய்ய வேண்டியது என்ன? வெறும் பேச்சு பேசிக் கலைவதில் பிரயோஜனமில்லை. கல்லூரி நிர்வாகிகளுக்கு நான் சொல்லிக்கொள்வது: பீரோவைத் திறந்து வையுங்கள். பிள்ளைகள் தாங்களே புத்தகத்தை எடுத்துப் பார்க்கட்டும். வகுப்பு நடக்கும் நேரத்தில் மாத்திரம் திறந்து, வகுப்பு விட்டதும் மூடுகிற புத்தகசாலையில் யார் படிப்பது? மாலையிலும் விடுமுறையிலும் திறவுங்கள். ஊரார் முன்பணம் கட்டி வந்து படிக்க இடம் கொடுங்கள்.

மாணவத் தோழர்களுக்கு: விடுதியிலிருந்து விடுமுறைக்கு மலைக்குப் போகிறபோது ஆளுக்கு 5 புத்தகம் உங்கள் பேரில் எடுத்துப் போங்கள். 10 பேர் போனால் அந்த ஊருக்கு 50 புத்தகம் கொண்ட ஒரு நூல்நிலையம் போனதாகும். படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். ஒரு காலத்தில் நம்முடைய வாசகசாலைகளிலும் டீக்கடைகளிலும் ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிக்க, இருபது பேர் சுற்றியிருந்து கேட்டுத்தான் இந்த நாட்டு ஜனங்களுக்கு உலகம் தெரிந்தது. கட்டுரைப் போட்டிக்குப் பதிலாக, மாதம் ஒரு மாணவர் தாம் படித்த ஒரு புத்தகத்தை ஊரார் முன் எடுத்துச் சொல்லட்டும். கேள்வி கேட்க ஊராருக்கு உரிமையிருக்கட்டும்.

பணக்காரர்களுக்கு: கார்னெகி என்ற இரும்பு வியாபாரி உலகில் 2,509 நூல்நிலையங்களுக்குக் கட்டடப் பணம் கொடுத்தார். கும்பாபிஷேகத்திற்குக் கொடுக்கும் பணத்தில் பத்தில் ஒரு பங்கையாவது புத்தகத்திற்குக் கொடுத்துப் பாருங்கள். கல்வெட்டில் உங்கள் பேர் வேண்டுமென்றால் அதையும் வெட்டிக்கொள்ளுங்கள், ஆட்சேபணையில்லை.

தாய்மார்களுக்கு: பெண் கல்லூரிக்குப் போனால் போதும் என்று நின்றுவிடாதீர்கள். பரீட்சைப் புத்தகத்தைத் தவிர வேறு என்ன படித்தாள் என்று அவளைக் கேளுங்கள். அவள் படித்ததை உங்களுக்கும் சொல்லச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு வார்த்தை. நான் இன்று பல வருஷங்களையும் கணக்குகளையும் சட்டங்களையும் சொன்னேன். மேடையில் நின்று ஒருவன் சொல்லிவிட்டான் என்பதற்காக அவைகளை நம்பிவிட வேண்டாம். அப்படி நம்புகிற வழக்கம்தான் நம்மை இந்த நிலைமைக்குக் கொண்டுவந்தது. நாளைக் காலையில் புத்தகசாலைக்குப் போய், உரிய புத்தகத்தை எடுத்துப் பார்த்து, நான் சொன்னது சரியா தப்பா என்று நீங்களே தீர்மானியுங்கள். கதவு பூட்டியிருந்தால், ஏன் பூட்டியிருக்கிறது என்று கேளுங்கள். திறக்கும் வரையில் கேளுங்கள்.